இயக்குநருக்கு மகப்பேறு விடுப்பு யார் தருவது?

ஏதாவது ஒரு நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையைப் புரட்டிப் பாருங்கள். நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர் முதல் தலைமைச் செயல் அதிகாரி வரை எல்லோருக்கும் அதில் இடம் இருக்கும். குழந்தை பிறந்தால் இத்தனை வாரம், தத்தெடுத்தால் இத்தனை, தகப்பனுக்கு இத்தனை நாள் என்று பத்தி பத்தியாகப் போகும். அந்தக் கொள்கையைப் படித்து, திருத்தி, ஒப்புதல் கொடுத்த போர்டை, அதாவது இயக்குநர் குழுவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருக்காது.

போர்டில் இருந்துகொண்டே நிறுவனத்தில் சம்பள வேலையும் பார்ப்பவர்களுக்குச் சிக்கல் குறைவு. பணியாளர் என்ற வகையில் அவர்களுக்கு ஏதோ ஒரு விடுப்பு கிடைத்துவிடும். அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காமல், கூட்டத்துக்கு வந்து, காகிதங்களைப் படித்து, கேள்வி கேட்டு, வாக்களித்துவிட்டுப் போகிற நான்-எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர்கள்தான் நடுவில் தொங்குகிறார்கள். நிறுவனத்தோடும் அதை நடத்துபவர்களோடும் வேறு தொடர்பு இல்லாத சுயேச்சை இயக்குநர்களும் இந்த வகைதான்.

நான் தொழிலால் கம்பெனி செகரட்டரி. போர்டுக்கு நோட்டீஸ் அனுப்புவது, மினிட்ஸ் எழுதுவது, யார் வந்தார் யார் வரவில்லை என்று கணக்கு வைப்பது எல்லாம் என் தலையில். அதனால் இந்தக் கேள்வியும் கடைசியில் என் தொலைபேசிக்குத்தான் வந்து சேரும். ஒருமுறை ஒரு சுயேச்சை இயக்குநர் அழைத்தார். சொந்தத் தொழில் நடத்துபவர், போர்டிலேயே வயதில் இளையவர்.

"சார், எனக்கு எத்தனை மாசம் லீவு வரும்?"

"மேடம், சட்டப்படி பார்த்தா உங்களுக்கு லீவே கிடையாது. ஆனா நீங்க மீட்டிங்குக்கு வராம இருக்கலாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல மேடம். வராம இருக்கலாம். பொறுப்பு மட்டும் போகாது."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அப்போ என்னென்ன பண்ணணும்னு எழுதி அனுப்புங்க" என்றார். அன்று எழுதி அனுப்பியதைத்தான், மற்ற நாடுகளின் விவரங்களையும் சேர்த்து, இங்கே விரித்து எழுதுகிறேன்.

உலகெங்கும் மகப்பேறுச் சட்டங்கள் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முதலாளி ஒருவர், அவருக்குக் கீழே ஊதியத்துக்கு வேலை செய்பவர் ஒருவர், இருவருக்கும் இடையே ஒப்பந்தம். இந்தியாவில் 2017 திருத்தத்தில் 26 வாரமாக உயர்ந்த விடுப்பு இப்படிப் பணியில் இருக்கும் பெண்ணுக்கானது. அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வாரமும் பணியாளருக்குத்தான். நான்-எக்ஸிக்யூட்டிவ் இயக்குநரோ பதவி வகிப்பவர். அவரைத் தேர்ந்தெடுப்பது பங்குதாரர்கள். அவருக்கு மேலதிகாரி கிடையாது. விடுப்பு விண்ணப்பம் எழுதினால்கூட யாருக்கு எழுதுவது?

பிரிட்டனில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே 52 வார மகப்பேறு விடுப்பு பணியாளருக்கு மட்டும் உரியது. ஆனால் மகப்பேறு ஊதியத்துக்கான வரையறை வேறு: யாருடைய வருமானத்துக்கு நிறுவனம் முதல் வகுப்புத் தேசியக் காப்பீட்டுத் தொகை (சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயப் பங்களிப்பு) கட்ட வேண்டியிருக்கிறதோ, அவருக்கும் அது பொருந்தும். சம்பளப் பட்டியல் வழியாகக் கட்டணம் பெறும் நான்-எக்ஸிக்யூட்டிவ் இயக்குநர் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார். சேவைக் காலம், வருமான வரம்பு ஆகிய நிபந்தனைகளும் நிறைவேறினால் 39 வாரம் மகப்பேறு ஊதியம் பெறலாம். முதல் 6 வாரம் சராசரி வருமானத்தில் 90 சதவீதம். விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் தராது, விடுப்புக்கான காசை மட்டும் தரும்! அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த 39 வாரத்துக்குள் 10 நாள் வரைதான் வேலை செய்யலாம். அதைத் தாண்டி வேலை செய்கிற ஒவ்வொரு வாரத்துக்கும் ஊதியம் போய்விடும். அரை மணி நேரம் பேசினாலும் அது ஒரு நாள் கணக்குதான். போர்டின் ஆடிட் கமிட்டிக்குத் தலைமை வகிக்கும் இயக்குநரை "ஒரே ஒரு நிமிஷம்" என்று அடிக்கடி கூப்பிடும் நிதி அதிகாரிகள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷங்கள் சேர்ந்தால் பத்து நாள் கரைந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்?

விடுப்பு உரிமை இப்படிச் சல்லடையாக இருந்தாலும், பதவியிலிருந்து தூக்குவதற்கு எதிரான பாதுகாப்பு கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. இதற்கு லாத்வியாவிலிருந்து ஒரு வழக்கு. தீத்தா தனோசா என்பவர் ஒரு லீசிங் நிறுவனத்தின் போர்டில் ஒரே உறுப்பினர். 2007 ஜூலையில் பங்குதாரர் கூட்டம் அவரை நீக்கியது. அப்போது தாம் 11 வாரக் கர்ப்பமாக இருந்ததாக அவர் வழக்குத் தொடுத்தார். அவர் பணியாளரே இல்லை, அதனால் பாதுகாப்பும் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. போர்டு உறுப்பினர் ஊதியம் பெற்றுக்கொண்டு, இன்னொரு அமைப்பின் வழிகாட்டலிலோ மேற்பார்வையிலோ ஏதோ ஒரு காலம் பணி செய்தால், கர்ப்பிணித் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அவருக்கும் உண்டு. அப்படி இல்லாவிட்டாலும், கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நீக்குவது பாலினப் பாகுபாடு என்றது. நான்-எக்ஸிக்யூட்டிவ் இயக்குநர் இன்னொருவரின் வழிகாட்டலில் வேலை செய்கிறார் என்று நிரூபிப்பது கடினம். அவருக்கு முழு அர்த்தத்தில் கைகொடுப்பது தீர்ப்பின் இரண்டாம் பாதிதான்.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 167. பன்னிரண்டு மாதக் காலத்தில் நடந்த எல்லா போர்டு கூட்டங்களுக்கும் வராத இயக்குநரின் பதவி தானாகவே காலியாகிவிடும். இதில் பலர் தவறவிடும் ஒரு சொற்றொடர்: "அனுமதி பெற்றிருந்தாலும் பெறாவிட்டாலும்." போர்டு ஒருமனதாக "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று தீர்மானம் போட்டாலும், ஓராண்டு முழுக்க ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை என்றால் பதவி இல்லை. பிரிட்டனில் நிறுவனங்கள் தங்களுக்கு ஏற்றுக்கொள்ளும் பழைய மாதிரி விதிகள் இதில் கொஞ்சம் இளக்கம்: போர்டின் அனுமதி இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்து, அதன்பின் போர்டே தீர்மானம் போட்டால்தான் பதவி போகும். அங்கே அனுமதிக்கு மதிப்பு உண்டு. இங்கே கிடையாது.

நடைமுறையில் இதற்கு வழி எளிது. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டம் நடந்தாக வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. காணொளி வழியாகக் கலந்துகொண்டாலும் வருகைதான், கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கும் (கோரம்) கணக்கில் வரும். நிதிநிலை அறிக்கை போன்ற சில விஷயங்களைக் காணொளியில் எடுக்கக் கூடாது என்றிருந்த தடையும் 2021 ஜூனில் நீங்கிவிட்டது. ஆக ஓராண்டில் ஒரே ஒரு கூட்டத்தில், தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தால்கூட, 167-இலிருந்து தப்பிவிடலாம். "தப்பிக்கலாம்" என்ற அளவில்தான் இந்த ஏற்பாடு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

"எனக்குப் பதில் வேற யாரையாவது உட்கார வைக்க முடியாதா?" என்பது அடுத்து வரும் கேள்வி. மாற்று இயக்குநர் என்ற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது மூல இயக்குநர் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இந்தியாவைவிட்டு வெளியே இருந்தால்தான். பிள்ளை பெற்றவர் உள்ளூரிலேயே இருந்தால் பொருந்தாது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் சுயேச்சை இயக்குநருக்கு அந்த வழியும் இல்லை. பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிகள் 2018 அக்டோபர் 1 முதல் அதை மூடிவிட்டன. பிரான்சில் ஓர் இயக்குநர் சக இயக்குநருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து ஒரு கூட்டத்தில் தன் சார்பாக வாக்களிக்கச் சொல்லலாம். ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒருவருக்குத்தான் பதிலாள் ஆகலாம். ஜெர்மனியில் நிர்வாகக் குழுவைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் உறுப்பினர் தன் வாக்கை எழுதி இன்னோர் உறுப்பினர் கையில் கொடுத்தனுப்பலாம். நம்மிடம் இரண்டுமே இல்லை. இயக்குநரின் மதிப்பீடு அவருடைய சொந்த மூளையிலிருந்து வர வேண்டும், கடன் கொடுக்கக் கூடாது என்பது வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர்களுக்கு மூளை இல்லையா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பதவி வகிப்பவர்களின் இந்த அவதி போர்டோடு நிற்பதில்லை. 2019 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்காக உறுப்பினர் டூலிப் சித்திக் சிசேரியனைத் தள்ளிப்போட்டு, சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். அந்தக் காட்சிக்குப் பிறகுதான், அதே மாதத்தில், பெற்றோர் ஆகும் உறுப்பினர்கள் பதிலாள் மூலம் வாக்களிக்கும் ஏற்பாடு சோதனையாகத் தொடங்கியது. 2021-இல் அமைச்சர்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்து ஆறு மாதம் ஊதியத்துடன் விலகியிருக்க வழி செய்தார்கள். அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த சுயெல்லா பிராவர்மன் அதை முதலில் பயன்படுத்தினார். அதற்குமுன் கர்ப்பிணி அமைச்சருக்குப் பதவி விலகுவதைத் தவிரச் சட்டத்தில் உறுதியான வழி இருக்கவில்லை. நாட்டுக்கே சட்டம் போடுகிறவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்திருக்கிறார்கள்.

நிறுவன உலகில் அந்த வேலையை ஜெர்மனி செய்தது. வெஸ்ட்விங் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டெலியா லஷான்ஸ் 2020-இல் பிரசவத்துக்காக நிர்வாகக் குழுப் பதவியை விட்டுவிட வேண்டியதாயிற்று. பதவியை வைத்துக்கொண்டே சில மாதம் பொறுப்பிலிருந்து ஒதுங்கி நிற்கச் சட்டத்தில் வழி இல்லை. அதைத் தொடர்ந்து எழுந்த இயக்கத்தின் பலனாக 2021 ஆகஸ்டில் புதிய விதி வந்தது. நிர்வாகக் குழு உறுப்பினர் தன் நியமனத்தை ரத்துச் செய்யும்படி கேட்கலாம். கூடவே, மகப்பேறுப் பாதுகாப்புக் காலம் முடிந்ததும் மீண்டும் நியமிப்பதாக உறுதியும் பெறலாம். பிள்ளை வளர்ப்பு, குடும்பத்தினரைக் கவனித்தல், நோய் ஆகியவற்றுக்கு மூன்று மாதம். மேற்பார்வைக் குழு சம்மதித்தால் 12 மாதம் வரை நீட்டலாம். விலகியிருக்கும் காலத்தில் அவர் இயக்குநரே இல்லை. அதனால் அந்தக் காலத்து முடிவுகளுக்கு அவர் பொறுப்பும் இல்லை. இதுதான் அதன் அழகு. ஆனால் இது நிர்வாகக் குழுவுக்கான விதி. மேற்பார்வைக் குழுவில் இருப்பவர், அதாவது நான்-எக்ஸிக்யூட்டிவுக்கு நேரான ஆள், அதில் வரமாட்டார்.

"அப்படின்னா நான் ரிசைன் பண்ணிட்டு ஆறு மாசம் கழிச்சு வந்துடறேனே" என்றுதான் என்னை அழைத்தவரும் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தேன். இந்தியாவில் சுயேச்சை இயக்குநருக்குத் தொடர்ச்சியாக இரண்டு பதவிக்காலம்தான், ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஐந்தாண்டு. அதன்பின் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவான நியமனமும் ஒரு பதவிக்காலமாகவே கணக்காகும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்திவிட்டது. இரண்டாம் ஆண்டில் விலகினால் மிச்சமிருக்கும் ஆண்டுகளும் சேர்ந்து போய்விடும் அபாயம் இருக்கிறது. திரும்பி வரச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது பதிவான வாக்குகளில் முக்கால் பங்கு. பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால் விலகியதற்கான காரணத்தை விளக்கமாகப் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும், "வேறு முக்கியக் காரணம் எதுவும் இல்லை" என்ற உறுதிமொழியோடு. ஒரு பெண்ணின் கர்ப்பச் செய்தி பங்குச் சந்தை அறிவிப்பாக வெளியாவதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். பட்டியலிட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருந்தே ஆக வேண்டும். பல போர்டுகளில் அந்த ஒருவரோடு சரி. அவர் விலகினால், கம்பெனிகள் சட்டத்தின் விதிப்படி, அந்த இடத்தை அடுத்த போர்டு கூட்டத்துக்குள் அல்லது மூன்று மாதத்துக்குள், எது பிந்தியதோ அதற்குள், நிரப்பியாக வேண்டும். அதாவது, பெண்களைப் போர்டுக்குக் கொண்டுவர எழுதிய விதியே, பிரசவத்துக்காக விலகிய பெண்ணின் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்க அவசரப்படுத்துகிறது. அவர் திரும்பி வரும்போது இடம் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜூன் 30-க்குள் பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களின் நான்-எக்ஸிக்யூட்டிவ் இடங்களில் 40 சதவீதம், அல்லது எல்லா இயக்குநர் இடங்களிலும் 33 சதவீதம், குறைவாக இருக்கும் பாலினத்தாருக்கு என்று இலக்கு வைத்தது. எண்ணிக்கைக்கு விதி எழுதுகிறவர்கள், வந்தவர் ஒரு குழந்தை பெற்றுக்கொண்டும் தங்க வழி உண்டா என்று பார்ப்பதில்லை. நான்-எக்ஸிக்யூட்டிவ் என்றால் தலை நரைத்தவர், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டவர் என்ற பழைய படம் எல்லோர் மனத்திலும் அப்படியே இருக்கிறது.

சரி, விலகவும் கூடாது, வரவும் முடியாது என்றால் பொறுப்பு? பலரும் விடுப்பு நாட்களை எண்ணுகிறார்கள். நான் பொறுப்பைத்தான் முதலில் பார்ப்பேன். போர்டு கூட்டத்துக்கு வராத இயக்குநரும் இயக்குநர்தான். பிரிவு 149(12) சுயேச்சை இயக்குநருக்கு ஒரு கவசம் தருகிறது: போர்டு நடைமுறைகள் வழியாக அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடோ உடந்தையாகவோ நடந்த தவறுக்கும், அவர் உரிய கவனம் காட்டாமல் விட்டதற்கும் மட்டுமே அவர் பொறுப்பு. இந்த "தெரிந்து" என்பதில்தான் கண்ணி. பிரசவத்துக்கு மறுவாரம் அவருடைய மின்னஞ்சலுக்கு 300 பக்க போர்டு காகிதம் போய் விழுந்தால், அவர் திறக்காவிட்டாலும் "அனுப்பினோம்" என்று கோப்பில் பதிவாகிவிடும். நாளை ஏதாவது வெடித்தால் விசாரணை அதிகாரி கேட்பது "அனுப்பினார்களா?" என்றுதான்.

அதனால் நான் செய்த ஏற்பாடு இது. போகும் முன் ஒரு தீர்மானம்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அவருக்கு லீவ் ஆஃப் ஆப்சன்ஸ் (வராமல் இருக்க அனுமதி), இந்தக் காலத்தில் அவருக்குக் காகிதங்கள் அனுப்பப்படாது, கூட்ட நோட்டீஸ் மட்டும் போகும், ஏனென்றால் நோட்டீஸைச் சட்டப்படி நிறுத்த முடியாது. கூட்டம் கூட்டாமல் ஒப்புதலுக்காகச் சுற்றுக்கு விடும் தீர்மானங்கள் முடிந்தவரை தவிர்க்கப்படும். அவர் தலைவராக இருந்த கமிட்டிக்கு அதே கூட்டத்தில் இடைக்காலத் தலைவர். கமிட்டியில் சுயேச்சை உறுப்பினர் எண்ணிக்கை குறையுமா என்று முன்கூட்டியே பார்த்து, இன்னொருவர் சேர்க்கப்பட்டார். இயக்குநர் பொறுப்புக் காப்பீடு இடைவெளி இல்லாமல் தொடரும் என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் கடிதம். திரும்பி வந்ததும், இடையில் நடந்த கூட்டங்களின் மினிட்ஸைப் படித்து, கேள்வி இருந்தால் அடுத்த கூட்டத்திலேயே எழுப்பிப் பதிவு செய்ய அவருக்கு வாய்ப்பு. இந்தக் கடைசி அம்சத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். திரும்பியவர் மினிட்ஸைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால், அதன் பிறகு அவருக்கு அந்த முடிவுகள் "தெரியாது" என்று யாரும் வாதாட முடியாது.

இதெல்லாம் முழுக் கவசம் என்று நான் சொல்லமாட்டேன். தீர்மானம் சட்டத்தை வெல்லாது. ஆனால் அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்வி எழும்போது, ஒழுங்காகத் திட்டமிட்டு விலகியிருந்தார் என்பதற்குத் தேதியிட்ட சான்று கையில் இருக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு இவ்வளவு என்ற கட்டணம் வராதவருக்கு வராது. ஆண்டுக் கட்டணமோ லாபத்தில் கமிஷனோ இருந்தால், விலகியிருக்கும் மாதங்களுக்கு அது தொடருமா என்பது நியமனக் கடிதத்தைப் பொறுத்தது. கடிதம் மௌனமாக இருந்தால் பெரும்பாலானவர்கள் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அதனால் நியமனத்தின்போதே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. குழந்தை வருமா வராதா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆண், பெண், வயது வேறுபாடு இல்லாமல் எல்லா இயக்குநர்களின் கடிதத்திலும் ஒரே பத்தி: குழந்தை பிறப்பு, தத்தெடுப்பு, கடும் நோய், நெருங்கிய குடும்பத்தினரைக் கவனித்தல் ஆகியவற்றுக்காக ஆறு மாதம் வரை கூட்டங்களிலிருந்து விலகியிருக்கலாம், ஆண்டுக் கட்டணம் தொடரும், கமிட்டிப் பொறுப்பு திரும்பி வரும்போது திரும்பக் கிடைக்கும். அறுபதைக் கடந்த ஒரு இயக்குநர் "எனக்கெதுக்குப்பா இது?" என்று சிரித்தார். மனைவிக்கு அறுவை சிகிச்சை வந்தபோது அந்தப் பத்தியை முதலில் பயன்படுத்தியவர் அவர்தான்.

தகப்பன் ஆகும் இயக்குநர்கள் கேட்பதே இல்லை. கூட்டத்தில் கண் சொருகச் சொருக உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவில் குறை விழக் கூடாது. தத்தெடுப்பவர்களின் நிலை இன்னும் சங்கடம். குழந்தையைப் பெற்றுக்கொள்ள வரச் சொல்லும் அழைப்பு எந்தத் தேதியில் வரும் என்று அவர்களுக்கே தெரியாது. போர்டு நாட்காட்டியோ ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடும்.

வருகைப் பதிவு என்றதும் ஆண்டறிக்கை ஞாபகம் வருகிறது. ஒவ்வோர் இயக்குநரும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்ற அட்டவணை அதில் வரும். அமெரிக்காவில் 75 சதவீதத்துக்குக் குறைவாக வந்தவரின் பெயரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பங்குதாரர்களுக்கு வாக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துத்தான் "இவருக்கு எதிராக வாக்களியுங்கள்" என்று எழுதுகின்றன. அவற்றில் பெரியதான ஐ.எஸ்.எஸ், மருத்துவக் காரணம், குடும்ப அவசரம் என்றால் விதிவிலக்குத் தருகிறது. ஆனால் காரணம் பொதுவெளியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். என்னை அழைத்தவரின் வரிசையிலும் வருகை குறைவாகத்தான் இருந்தது. அட்டவணைக்குக் கீழே என்ன எழுதுவது என்று அவரிடமே கேட்டேன். "போர்டு அனுமதித்த விடுப்பில் இருந்தார்" என்று மட்டும் போடலாம், அல்லது மகப்பேறு என்றே போடலாம், உங்கள் விருப்பம் என்றேன். மகப்பேறு என்றே போடச் சொன்னார். நியமனக் குழுவின் தலைவருக்கு அது பிடிக்கவில்லை, சொந்த விஷயம் எதற்கு அறிக்கையில் என்றார். அந்த இயக்குநரின் சொந்த விஷயத்தை அவர்தானே முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.